மரகதத்தின் தங்கை

கண்ணு,

சனிக்கிழமை நீ தட்டில் கை வைக்காமல் எழுந்து போனதிலிருந்து மூன்று நாளாக போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். பேசினால் நீ "ம்" கொட்டுவாய், நான் பாதியில் அழுதுவிடுவேன், கடைசியில் அங்கே மழையா இங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவோம். அதனால் எழுதுகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் டூட்டி முடிகிற நேரத்தில் வார்டு ரிப்போர்ட் எழுதிய கை இது. ரிட்டயர் ஆன இரண்டு வருஷத்தில் மளிகைச் சீட்டைத் தவிர ஒன்றும் எழுதவில்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எனக்கு இந்த விஷயத்தில் எதுவுமே தெளிவாக இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெளிவான அம்மாவை எதிர்பார்த்து இதைப் பிரிக்காதே.

நடந்ததை எனக்குப் புரிந்த அளவில் ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன். சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு பையன் குடலில் ஓட்டை விழுந்து உன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தான். கூட இன்னொரு பையன் வந்தான். இரண்டு பேரும் ஆறு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். நோயாளியோடு தங்குகிறவருக்குக் கொடுக்கும் அட்டெண்டர் பாஸில் 'உறவுமுறை' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் என்ன எழுதுவது என்று படுத்திருந்தவனிடமே கேட்டாய். "வாழ்க்கைத் துணைன்னு எழுதுங்க" என்றான். எழுதினாய். கேஸ் ஷீட்டிலும் அதையே எழுதினாய். ஆபரேஷன் முடிந்து டாக்டர் விவரம் சொன்னபோது அந்த இன்னொரு பையனைத்தான் முன்னால் நிறுத்தினாய். மூன்றாம் நாள் கோபிப் பக்கமிருந்து, படுத்திருந்தவனின் அண்ணன்காரர் வந்து அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டார். எங்கள் குடும்ப மானத்தை ஒரு நர்ஸ் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டான் என்று வார்டே அதிரக் கத்தினார். உனக்கு மெமோ வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. உன் வேலை இருக்குமா போகுமா என்பது அன்றைக்குத் தெரியும்.

உன் நர்சிங் சூப்பரிண்டெண்ட் ஹெலன் எனக்கு இரண்டு வருஷம் ஜூனியர். மிஷன் ஆஸ்பத்திரியில் என்னோடு ஒரே வார்டில் இருந்தவள். வெள்ளிக்கிழமை அவள்தான் கூப்பிட்டாள். "அக்கா, பையன் தங்கமான பையனுங்க. விசாரணையில நானே அவனுக்காகப் பேசறேன். 'நண்பர்'னு திருத்திக் குடுத்து, தெரியாம எழுதிப்போட்டேன்னு ஒரு லெட்டர் எழுதினான்னா அதோட முடிஞ்சுதுங்க. நாம அந்தக் காலத்துல மில்லுக்காரப் பொண்ணுக்குத் தங்கச்சின்னு எழுதிக் குடுக்கலீங்களா? ஆருக்கு என்ன கெட்டுப்போச்சு?" என்றாள். நான் "சரி ஹெலன், சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். அவள் சொன்னது அத்தனையும் உன் மேல் உள்ள அக்கறையில். யாருக்கு என்ன கெட்டுப்போனது என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. அது கெட்டுப்போன வாரம் அவள் பிரசவ லீவில் போய்விட்டாள். திரும்பி வந்தபோது நான் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

சனிக்கிழமை நீ வந்ததும் கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டே ஹெலன் சொன்னதை உன்னிடம் ஒப்பித்தேன். நீ சோற்றைப் பிசையாமலே கேட்டாய்: "அம்மா, நெஞ்சு வலிக்குதுன்னு பேஷண்ட் சொன்னா நெஞ்சு வலின்னுதான எழுதுவோம்? அவங்க அண்ணனுக்குப் புடிக்காதுன்னு வயித்து வலின்னு மாத்தி எழுதுவமா?" பதில் வராதபோது நான் குரலை உயர்த்துவேன் என்பது உனக்குத் தெரிந்ததுதான். "ஊரு வம்பெல்லாம் உனக்கெதுக்குடா, நீ ஏன் இதுல இவ்வளவு நிக்கறே?" என்றேன். நீ "நான் நர்ஸும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்தாய்.

அந்தக் கேள்விக்குள் நான் இன்னொரு கேள்வியையும் ஒளித்து வைத்துத்தான் கேட்டேன். உனக்கு அது புரிந்திருக்கும். முப்பது வயதாகப் போகிறது, பெண் பார்க்கலாமா என்றால் நழுவுகிறாய், இந்த விஷயத்துக்கு மட்டும் இப்படி நிற்கிறாய் என்று என் மனசு எதையெதையோ கூட்டிப் பார்த்தது. நேராகக் கேட்டிருந்தால் நீ பதில் சொல்லியிருப்பாய். அந்தப் பதிலைக் கேட்க எனக்குத் தைரியம் இருக்கிறதா என்று தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. ஒருவேளை அப்படி எதுவுமே இல்லாமல், நீ சொன்ன மாதிரி, நர்ஸ் என்பதற்காக மட்டும் நிற்கிறாய் என்றால் அதுவும் எனக்குப் பெரிய அதிர்ச்சிதான். ஏனென்றால் நானும் நர்ஸ்தான். நான் நிற்கவில்லை.

போன மாதம் நர்ஸுகள் கூட்டத்தில் நீ பேசியதை எனக்குப் போனில் சொன்னாயே, அப்போது காதில் வாங்கினேனே தவிர மனசில் வாங்கவில்லை. இப்படிப்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்கே பயந்துகொண்டு முற்றிய பிறகுதான் வருகிறார்கள், வந்தும் டாக்டரிடம் பாதி உண்மைதான் சொல்கிறார்கள், நாம் அந்தப் பாதி உண்மைக்கு வைத்தியம் பார்க்கிறோம் என்றாய். 'உறவுமுறை' கட்டத்தோடு 'யாரைக் கூப்பிட வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்து, அதை நோயாளியையே சொல்லவிட வேண்டும் என்று கேட்டாய். நான் "சரி சரி, ராத்திரி டூட்டிக்கு ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போ" என்றேன். இவர்களைச் சொல்ல நீ அடுக்குகிற அந்த ஆங்கில எழுத்துகள் எனக்கு வரிசையாகச் சொல்லவே வராது. ஆண்டவர் இதை எப்படிப் பார்க்கிறார் என்றும் தெரியாது. சபையில் போதகர் இதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் தலையாட்டுகிறார்கள், நானும் ஆட்டுகிறேன். வீட்டுக்கு வந்தால் கழுத்து வலிக்கிறது.

கட்டத்தில் பொய் எழுத நான் எங்கே பழகினேன் தெரியுமா? நர்சிங் ஸ்கூல் விடுதியில் சேரும்போது. டவுனில் சொந்தக்காரர் ஒருவர் கார்டியனாக இருந்தால்தான் சேர்ப்போம் என்றார்கள். தோட்டத்தில் கூலி வேலை பார்த்த உன் தாத்தாவுக்கு டவுனில் யாரைத் தெரியும்? பழைய போதகர் ஐயாதான் தன் பெயரைக் கொடுத்து, "பெரியப்பான்னு எழுதிக்கோ கண்ணு" என்றார். எழுதினேன். வார்டன் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து எனக்குக் கட்டம் என்றால் நம்மை உள்ளே விடுகிற வார்த்தையை எழுதும் இடம், அவ்வளவுதான். அந்த ஒரு பொய்யில்தான் நம் குடும்பம் சோறு தின்றது, நீ படித்தாய். அதனால் அதைத் தப்பு என்று நான் நினைத்ததே இல்லை.

நீ நாலாவது படிக்கிறபோது என் வார்டுக்கு மரகதம் என்று ஒருத்தி வந்தாள். பீளமேட்டில் ஒரு நூல் மில்லில் வேலை. குடலில் கட்டி, திறந்து பார்த்தபோது நிறையவே பரவியிருந்தது. கூட வந்தவள் பூங்கொடி, அதே மில். பெண்கள் வார்டில் சொந்தக்காரப் பெண் ஒருத்திதான் தங்கலாம் என்பது மேட்ரன் அம்மாவின் சட்டம். "நீங்க அவங்களுக்கு என்ன வேணுமுங்க?" என்று கேட்டேன். "கூட இருக்கறவங்க" என்றாள். "கூடன்னா?" என்றேன். "கூடத்தானுங்க" என்றாள். அதற்கு மேல் கேட்க எனக்கு ஏனோ கூச்சமாக இருந்தது. ஆனால் நான் நர்ஸ், கண் இருக்கிறதே. எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் மரகதத்துக்கு மூச்சு வாங்காது என்று எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருந்தது. தலை வாரிவிடும்போது மரகதம் கண்ணை மூடிக்கொள்வாள். ஒன்பது வருஷமாக ஒரே அறையில் இருக்கிறார்களாம். எனக்குப் புரிந்தது, புரியவும் இல்லை. பாஸில் 'தங்கை' என்று எழுதி நீட்டினேன். பக்கத்தில் இருந்த ஹெலன், "பரவால்லீங்களே அக்கா" என்று சிரித்தாள். எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் இரண்டாவது ஆபரேஷன். சம்மதப் பத்திரத்தில் பூங்கொடி தங்கையாகக் கையெழுத்துப் போட்டாள். அதற்கு நாலாம் நாள் மரகதத்தின் அப்பா தாராபுரத்துப் பக்கமிருந்து வந்துவிட்டார். மில்லில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கேஸ் ஷீட்டைப் பார்த்த டாக்டர், "உங்க சின்னப் பொண்ணுகிட்ட எல்லாம் சொல்லியிருக்கோமுங்க" என்றார். அந்த மனுஷன், "சின்னப் பொண்ணா? எனக்கு ஒரே பொண்ணுதானுங்களே" என்றார். மேட்ரன் அம்மா வந்தார். பூங்கொடியை நடு வார்டில் நிறுத்தி, "யாரு தங்கைன்னு சொன்னது?" என்று கேட்டார். பூங்கொடி என்னைப் பார்த்தாள். நான் ஊசித் தட்டைப் பார்த்தேன். தட்டில் ஆறு சிரிஞ்சு இருந்தது, இப்போதும் எண்ணிச் சொல்வேன். "நாந்தானுங்க பொய் சொல்லிப்போட்டேன்" என்றாள். பாஸைப் பிடுங்கிக்கொண்டு வாட்ச்மேனை விட்டு வெளியே அனுப்பினார்கள். அவள் தைத்துக்கொண்டிருந்த பாவாடை கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அதைக்கூட நான் எடுத்துப் போய்க் கொடுக்கவில்லை.

இரண்டு நாள் அவள் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றாள். நான் பிணவறைப் பக்கத்து கேட் வழியாக டூட்டிக்குப் போய் அதே வழியாக வந்தேன். மரகதம் என்னிடம் மட்டும்தான் கேட்டாள்: "சிஸ்டர், பூங்கொடி எங்கீங்க?" நான், "கஞ்சி வாங்கியாரப் போயிருக்குது அம்மணி, இப்ப வந்துரும்" என்றேன். அழ வைக்கக் கூடாது என்று சொன்னேன். காலையில் சொன்னேன், மத்தியானம் சொன்னேன், மறுநாளும் அதையேதான் சொன்னேன். வார்டுக் கஞ்சி வந்தால், "இருக்கட்டுமுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் ரிப்போர்ட்டில் 'பசியில்லை என்கிறார்' என்று எழுதினேன். மூன்றாம் நாள் மத்தியானம் போய்விட்டாள். அவள் அப்பா வந்து உடலை எடுத்துக்கொண்டு போனார். அன்று வீட்டுக்கு வந்ததும் நீ சோறு வேண்டாம் என்று அடம் பிடித்தாய். உன்னை அடி அடி என்று அடித்தேன். உன் அப்பா வந்து தடுத்தார். எதற்கு அப்படி அடித்தேன் என்று நீ பெரியவனாகி ஒரு தடவை கேட்டாய், ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஞாபகம் இருந்தது.

பூங்கொடி எங்கே இருக்கிறாள் என்பது எனக்கு ஐந்தாறு வருஷமாகத் தெரியும். இங்கே நம் பெரியநாயக்கன்பாளையத்திலேயே, மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிற ஒரு பட்டறையில் இருக்கிறாள். ஒருநாள் பஸ்ஸில் பார்த்து, எங்கே இறங்குகிறாள் என்று கவனித்து வைத்துக்கொண்டேன். அதன் பிறகு அந்தத் தெரு வந்தால் எதிர்ப்பக்கமாக நடப்பேன். நேற்று பட்டறை இருக்கிற பக்கமாகவே நடந்தேன். சாப்பாட்டு நேரம். வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. நான் பேர் சொல்வதற்கு முன்னாலேயே, "சிஸ்டருங்களா, வாங்க" என்று நகர்ந்து இடம் விட்டாள்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோய், "தங்கைன்னு எழுதினது நான்தானுங்க அம்மணி" என்று மட்டும் சொன்னேன். "நீங்க எழுதறதப் பாத்துட்டுத்தானுங்களே நின்னேன்" என்றாள். "அப்புறம் ஏனுங்க உங்க மேல போட்டுக்கிட்டீங்க?" என்றேன். "நானும் போயி நீங்களும் போயிட்டீங்கன்னா, அவளத் திருப்பிப் படுக்க வெக்கறதுக்கு அங்க ஆருங்க இருப்பாங்க?" என்றாள். கண்ணு, இத்தனை வருஷமாக அவள் என்னைத் திட்டிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துத்தான் எதிர்ப்பக்கமாக நடந்தேன். அவள் என்னை நம்பி விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். இதைத் தாங்குவது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

பிறகு, "என்னெயக் கேட்டாளுங்களா?" என்றாள். இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்படித்தானே எனக்குப் பழக்கம். ஆனால் கேட்டாள் என்றே சொன்னேன். கஞ்சி வாங்கப் போயிருக்கிறாள் என்று நான் சொன்னதையும் சொன்னேன். அவள் டப்பாவை மூடினாள். "எந்தக் கஞ்சின்னாலும் நான் ஆத்திக் குடுத்தாத்தானுங்க அவ குடிப்பா. வேற ஆரு குடுத்தாலும் குடிக்க மாட்டா. நான் கொண்டாருவேன்னே இருந்திருப்பாளுங்க" என்றாள். அப்போதுதான் எனக்கு அந்த "இருக்கட்டுமுங்க" புரிந்தது. பசியில்லை என்று மரகதம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நானாக எழுதியது அது. கஞ்சி குடித்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று சொல்ல வரவில்லை, அவள் உடம்பு அதற்கு முன்னாலேயே கைவிட்டிருந்தது. ஆனால் கடைசி இரண்டு நாளும் அவளை நான் காத்திருக்க வைத்தேன். பசியோடு. பூங்கொடிக்கு இதைக் கேட்டு ஆறுதலா, இல்லை புதுசாக ஒரு துக்கத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டேனா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் கிளம்பும்போது டப்பா மூடியபடியே இருந்தது.

ஆகவே உனக்கு என்ன சொல்ல? இரண்டு ஆண்கள் ஒரு வீட்டில் குடும்பமாக இருப்பது எப்படி என்று கேட்டால் எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. நாளைக்கே எல்லாம் புரிந்துவிடும் என்று பொய் சொல்லவும் மாட்டேன். உன் வேலை போனால் என்ன ஆகும் என்ற பயமும் அப்படியே இருக்கிறது. ஆனால் ஹெலன் திருத்தச் சொல்கிற வார்த்தையும் நான் எழுதின வார்த்தையும் ஒரே ஜாதி. 'நண்பர்' என்று நீ எழுதினால் அந்த அண்ணன்காரர், நண்பன்தானே, வெளியே போ என்பார். அன்றைக்கு உன் கையெழுத்தே அவருக்குச் சாட்சி. அதனால் திருத்தாதே. மெமோவுக்குப் பதிலைக் கோபத்தில் எழுதாதே, ரிப்போர்ட் எழுதுகிற மாதிரி எழுது: என்ன நேரம், என்ன கேட்டாய், அவர் என்ன சொன்னார், நீ என்ன செய்தாய். அதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். ஹெலனிடம் முகம் கொடுத்துப் பேசு. குழந்தைகளுக்கு நரம்பு தேட எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள். அவளுக்கு நான் சொல்லாததற்கு அவள் என்ன செய்வாள்? டூட்டியில் நேரத்துக்குச் சாப்பிடு.

வியாழக்கிழமை பத்து மணிக்கு நானும் வருகிறேன். உள்ளே விடுவார்களா என்று தெரியாது, விடாவிட்டால் வாசலில் நிற்பேன். முன்வாசலில். மரகதம் விஷயத்தில் நடந்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். அதை ஹெலனிடம் கொடுப்பேன். இந்தக் கடிதத்தையும் நீ உன் வார்டில் யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். புதுசாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டு.

பேரைப் போடலாமா என்று பூங்கொடியிடம் கேட்டேன். போடச் சொன்னாள். அந்தத் தாளை எழுதும்போது ஒரு இடத்தில் எனக்குப் பேனா நின்றுவிட்டது. அதனால் இன்று காலை மறுபடியும் பட்டறைக்குப் போய், "மரகதத்துக்கு நீங்க என்ன வேணும்னு எழுதட்டுமுங்க?" என்று கேட்டேன். கையில் இருந்த செம்புக் கம்பியைக் கீழே வைத்தாள். "கூட இருந்தவங்கன்னு எழுதுங்க சிஸ்டர்" என்றாள்.

அப்படியே எழுதினேன்.

அம்மா